வேலிக்குள்ள கிடக்கிற ஜெர்மனி

இரு மருமோனே, உதில இரு. தேத்தண்ணி கொதிக்குது. கையில என்ன கடதாசி? வீட்டு வாடகை ஒப்பந்தமோ? கையெழுத்து வைக்க முதல் மாமாவிட்ட ஒருக்காக் காட்டு எண்டு கொம்மா சொல்லி விட்டவவோ? நல்லது. கொப்பருக்குத் தெரியாமத்தான் அனுப்பியிருப்பா. அந்த மனுசன் அறிஞ்சா, நான் வேண்டாம் எண்டு சொன்ன வீட்டை அண்டைக்கே எடு எண்டு நிப்பார்.

எந்த ஊர்? பியூசிங்கனோ! அப்பிடிச் சொல்லு. ஷாஃப்ஹவுசனில வேலை, பியூசிங்கனில வீடு. பஸ்ஸில ஏறிக் கண்ணை மூடித் திறக்க வந்திடும், வாடகையும் கொஞ்சம் குறைவு, முன்னால ரைன் ஆறு, பின்னால குன்று, வயல்வெளி. ஓம், வடிவுதான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. இந்த நாட்டுக்கு வந்த நாளில இருந்து அந்த ஆத்தங்கரையால எத்தினை ஞாயிற்றுக்கிழமை நடந்திருப்பன். பெண் பாக்கப் போன இடத்தில பெண் வடிவெண்டு கண்ட உடன ஓமெண்டு சொல்லிப்போட்டு வந்தவன் மாதிரி நிக்கிறாய் நீ. மாமியார் ஆரெண்டு கேட்டனியோ? உனக்கு அங்க ஒரு மாமியார் இல்லை, ரெண்டு பேர்.

கையை விரி. இந்த உள்ளங்கை சுவிஸ் எண்டு வை. நடுவில ஒரு மச்சம் இருக்குப் பார், அதுதான் பியூசிங்கன். மச்சம் ஜெர்மனி. ஷாஃப்ஹவுசன் பட்டினத்துக்குக் கிழக்கால, ரைனின்ர வடகரையில கிடக்குது. கரையில நிண்டு பார்த்தா மூண்டு பக்கமும் ஷாஃப்ஹவுசன் கன்ரன். ஆத்துக்கு அங்கால சூரிச் கன்ரனும் துர்காவ் கன்ரனும். எந்தப் பக்கம் இறங்கி நடந்தாலும் சுவிஸில கால் வைக்காம ஊரை விட்டு வெளிக்கிட ஏலாது. பெரிய ஜெர்மனிக்கும் அதுக்கும் இடையில டோர்ஃப்லிங்கன் எண்ட சுவிஸ் ஊரின்ர காணி. ஆக ஒடுங்கின இடத்தில வெறும் 700 மீற்றர்தான். நாய் குலைச்சா மற்றப் பக்கத்து நாய் பதில் சொல்லும். ஆனா அந்த 700 மீற்றரைத் தாண்டத்தான் இருநூற்றைம்பது வருசமா ஏலாமக் கிடக்குது.

பரப்பளவு 7.62 சதுர கிலோமீற்றர். எங்கட கணக்கில சொல்லவோ? ஏறத்தாழ 30,000 பரப்பு. சனம் 1,500 சொச்சம். ஊரைச் சுத்தி 17 கிலோமீற்றருக்கு எல்லை, அதில 123 எல்லைக் கல்லு நட்டிருக்கிறாங்கள். கல்லு எண்டதால நிண்ட இடத்தில நிக்குது. எங்கட ஊரைப்போலக் கிளுவங்கதியாலும் பூவரசங்கதியாலும் நட்டிருந்தாங்கள் எண்டு வை, வருசா வருசம் வேலி அடைக்கேக்க ராவோட ராவா நகந்து நகந்து இப்ப பியூசிங்கன் பேர்லினைத் தொட்டிருக்கும். சிரிக்காத. கொப்பரைக் கேட்டுப் பார், கதியாலுக்குக் கால் இருக்கிறது அவருக்கு நல்லாத் தெரியும்.

சரி, கையெழுத்துக் கதைக்கு வருவம். நீ இந்த வீட்டுக்குக் குடிபோனா ஆர்? ஜெர்மனியில வசிக்கிற ஆள். பட்டினத்துக் கோபுரத்து மணி கேட்கும், சுவிஸ் பால்தான் குடிப்பாய், சுவிஸ் பஸ்ஸிலதான் போவாய். ஆனா சட்டத்துக்கு நீ நாட்டை விட்டுப் போனவன். இஞ்ச பதிவை வெட்டிப்போட்டு அங்க போய்ப் பதியோணும். உன்னட்ட இருக்கிற பெர்மிட் இஞ்சத்தையான். அங்க இருக்கிறதுக்கு ஜெர்மன்காரனிட்டப் புதுசாக் கேட்டு வாங்கோணும். சுவிஸ் பாஸ்போட்டுக்குப் பத்து வருசக் கணக்கு எண்ணிக்கொண்டிருக்கிறாய் எல்லோ? அந்தக் கணக்கு பஸ்ஸில ஏறேக்கயே நிண்டிடும். வாடகையில மாசம் நூறோ இருநூறோ மிச்சம் பிடிக்கப்போய்ப் பாஸ்போட்டை அடகு வச்சவன் எண்டு உன்ர பேரைத் தமிழ்க் கடையில கதைப்பாங்கள். முதலாவதாக் கதைக்கிறவன் நான்தான்.

அடுத்தது வரி. ஜெர்மனியில இருந்துகொண்டு சுவிஸில வேலை செய்யிறவனுக்கு சுவிஸ்காரன் சம்பளத்தில 4.5 வீதம் பிடிச்சு வச்சிடுவான். மிச்சக் கணக்கை ஜெர்மன்காரன் பாப்பான். அவன்ர கணக்கு எப்பிடி இருக்கும் எண்டு முழிக்காத, அவன் உன்னைவிட வடிவாப் பாப்பான். சுவிஸ் வரியைவிட ஜெர்மன் வரி பாரம். அதே நேரம் கடையில சாமான் விலை சுவிஸ் விலை, ஏனெண்டா ஊர் சுவிஸின்ர சுங்கத்துக்குள்ள கிடக்குது. வரவில ஜெர்மனி, செலவில சுவிஸ். ரெண்டு பெண்டாட்டிக்காரன் மாதிரி, ஒருத்தி தலையில நரைமயிரைப் பிடுங்க, மற்றவள் கறுத்தமயிரைப் பிடுங்க, கடைசியில மொட்டைதான் மிச்சம். ஜெர்மன் அரசாங்கத்துக்கே பாவமாக் கிடந்து அந்த ஊர்ச் சனத்துக்கெண்டு வரியில ஏதோ ஒரு சின்ன விலக்குக் குடுத்திருக்கிறாங்கள். இருந்தும் சம்பளக்காரப் பெடி பெட்டையள் வெளிக்கிட, பென்சன் எடுத்த சுவிஸ்காரர் வந்து குடியேற, ஊர் நரைச்சுப் போய்க் கிடக்குது. எனக்குத்தான் அது பொருத்தமான ஊர், உனக்கில்லை.

இன்னுமொண்டு. நீ சனிக்கிழமையில சிங்கனுக்குப் போய் ஆட்டிறைச்சி வாங்குவாய் எல்லோ, மலிவெண்டு? சிங்கன் ஜெர்மனி. பியூசிங்கனும் ஜெர்மனி. ஜெர்மனியில வாங்கி ஜெர்மனியில உள்ள உன்ர குசினிக்குக் கொண்டுவாற இறைச்சிக்கு சுவிஸ் சுங்கக்காரன் கணக்குக் கேட்பான். ஆளுக்கு ஒரு கிலோ, அதுக்கு மேல போனாத் தீர்வை. மற்றச் சாமானும் சேர்த்து 150 ஃபிராங்குக்குக் கூடினா வரி. முந்தி 300 ஆக இருந்ததை 2025இல பாதியாக்கிப் போட்டாங்கள். நாலு பேருக்கு விருந்து எண்டா, நாலு பேரையும் காரில ஏத்திக்கொண்டு போய்த்தான் இறைச்சி வாங்கோணும். விருந்தாளியே தன்ர பங்கைத் தூக்கிக்கொண்டு வாற விருந்து வேறெங்கயாவது கண்டனியோ?

இப்ப கேட்பாய், எந்த விசரன் இப்பிடி வேலி போட்டவன் எண்டு. அதுதான் மருமோனே கதை. தேத்தண்ணியைக் குடி, ஆறுது.

அந்த ஊர் பழைய ஊர். 1090 அளவிலேயே கடதாசியில பேர் இருக்கு. குன்றில ஒரு தேவாலயம் நிக்குது பார், புனித மிக்கேலுக்கு. ஒரு காலத்தில ஷாஃப்ஹவுசன் பட்டினத்துக்கே அதுதான் தாய்க்கோயில். பட்டினம் பிள்ளை, பியூசிங்கன் தாய். பிள்ளை வளந்து காசுக்காரனாகி மதில் கட்டிக் கோபுரம் வச்சு நிமிந்தது, தாய் அப்பிடியே வயலுக்குள்ள நிண்டிட்டா. உதில புதினம் ஒண்டுமில்லை, எல்லா வீட்டிலயும் நடக்கிறதுதான்.

ஊருக்குப் பெரிய முதலாளி ஒஸ்ரியா, ஹப்ஸ்பேர்க் அரச குடும்பம். அவை எங்கயோ தூரத்தில வியன்னாவில. ஊரில இருந்து அலுவல் பாத்தது இம் தூர்ன் எண்டொரு ஷாஃப்ஹவுசன் குடும்பம். எங்கட பக்கத்து உடையார் வீடு மாதிரி எண்டு வை. பட்டினம் புரட்டஸ்தாந்து, ஒஸ்ரியா கத்தோலிக்கம். அந்தக் காலத்தில அது சாதாரண விசயமில்லை, ஆளை ஆள் கொல்லுற விசயம். 1693இல அந்த ஊர்த் தலைவனா இருந்தவன் எபர்ஹார்ட் இம் தூர்ன். அவனுக்கும் சொந்தக்காரருக்கும் ஆகாது, ஊர்ப் பாதிரியாருக்கும் ஆகாது. இவன் ஒளிச்சுக் கத்தோலிக்கப் பக்கம் சாயிறான் எண்டு குசுகுசு தொடங்கிற்று. குசுகுசுவை ஆர் பரப்பினது எண்டு நினைக்கிறாய்? வேற ஆர், சொந்தம்தான். வேலியால எட்டிப் பாக்கிறதுக்கு வெளியாள் வரமாட்டான்.

ஒருநாள் அந்தச் சொந்தக்காரரே ஆளை அமுக்கிப் பிடிச்சுக்கொண்டு போய்ப் பட்டினத்துக்காரரிட்டக் குடுத்திட்டாங்கள். அவங்களும் அவனை மறியலில போட்டாங்கள், சாகுமட்டும் இரு எண்டு. ஒஸ்ரியா கேட்டுது: அவன் என்ர ஆள், என்ர காணிக்குள்ள இருந்தவன், நீ ஆர் அவனைப் பிடிக்க? பட்டினம் காது கேளாத மாதிரி நிண்டுது. வருசம் ஒண்டு, ரெண்டு, மூண்டு. கடைசியில ஒஸ்ரியா படையை அனுப்புறன் எண்டு வெருட்டின பிறகுதான் 1699இல கதவைத் திறந்து விட்டாங்கள். ஆறு வருசம். வெருட்டு வாங்காம விட்டிருந்தா மரியாதை மிஞ்சியிருக்கும். வெருட்டின பிறகு விட்டா ஆளும் போச்சு, மரியாதையும் போச்சு. அது பட்டினத்துப் பெரிய மனுசருக்கு விளங்கேல்லை, அவையின்ர தலைப்பா அவ்வளவு பெரிசு.

ஒஸ்ரியா மறந்ததோ? பெரிய வீட்டுக்காரர் மறக்கிறேல்லை மருமோனே, குறிச்சு வைப்பினம். 1770இல அந்தப் பக்கத்தில தனக்கிருந்த உரிமையளை வித்துத் தள்ளுது ஒஸ்ரியா. ராம்சன் எண்ட ஊரும் டோர்ஃப்லிங்கன் எண்ட ஊரும் சூரிச்சுக்குப் போகுது. நடுவில பியூசிங்கனை மட்டும் குடுக்கேல்லை. ஷாஃப்ஹவுசன்காரர் எவ்வளவோ ஆசைப்பட்ட ஊர் அது. அவைக்கு அது காலம் பூராக் கண்ணுக்குள்ள தூசியாக் கிடக்கட்டும் எண்டு ஒஸ்ரியா வீம்புக்கு வச்சுக்கொண்டது எண்டுதான் அங்கத்தைச் சனம் இண்டைக்கும் சொல்லுது. காணியால ஒரு சதம் பிரயோசனமில்லை. ஆனா மற்றவன் காலையில எழும்பிப் படலையைத் திறந்தா முதல் தெரியிறது அதுவா இருக்கோணும். அவ்வளவுதான் ஆசை. உனக்கு இது விசராத் தெரியும். எனக்கு வடிவா விளங்குது.

பிறகு நடந்ததெல்லாம் அந்தத் தூசி கைமாறின கதை. நெப்போலியன் ஒஸ்ரியாவை அடிச்சு விழுத்த, 1805இல ஊர் வூட்டம்பேர்க்குக்குப் போச்சு. 1810இல பாடனுக்குப் போச்சு. 1871இல பாடனோட சேர்ந்து ஜெர்மன் சாம்ராச்சியம். ஊர் இருந்த இடத்தை விட்டு ஒரு அங்குலம் அசையேல்லை, எசமான்தான் மாறிக்கொண்டிருந்தவன். உறுதி எழுதேக்க நாலு பக்கத்துக்கும் எல்லை எழுதுவாங்கள் எல்லோ, இந்த ஊருக்கு நாலு பக்கமும் ஒரே பதில்தான்.

அந்த இடைக்குள்ள ஒரு பகிடி நடந்தது. 1849. பாடனில புரட்சி எழும்பி, பிரஷ்யக்காரர் வந்து அடக்கின வருசம். தூசிக்குள்ளயும் புரட்சிக்காரர் இருக்கிறாங்கள் எண்டு ஹெசன் படைக்காரர் நூற்றுச் சொச்சம் பேர் யூலை மாதம் கொன்ஸ்தான்ஸில கப்பல் ஏறி ஆத்தால வந்து பியூசிங்கனில இறங்கிட்டாங்கள். ஆத்தால வாறதெண்டா சுவிஸ் தண்ணியாலதான் வரோணும். ஆரைக் கேட்டவங்கள்? ஒருத்தரையும் இல்லை. சுவிஸ்காரன் வரேக்க விட்டிட்டான். வந்தபிறகு ஆத்தையும் றோட்டையும் மறிச்சுப்போட்டு, இப்ப எப்பிடித் திரும்பிப் போறாய் எண்டு கையைக் கட்டிக்கொண்டு நிண்டான். எலிப்பொறிக்கு உள்ள போறதுக்கு வழி இருக்கும், வெளிய வாறதுக்கு வேற ஆள் வேணும். பெரிய படையைத் திரட்டிக்கொண்டு வந்து சுத்தி நிறுத்தினாங்கள். பத்து நாளாக் கடிதப் போக்குவரத்து. கடைசியில சுவிஸ் படை காவலுக்கு வர, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி அந்த ஹெசன்காரரைக் கூட்டிக்கொண்டு போய் விட்டவங்கள். புரட்சிக்காரர் அந்த நேரம் எங்க போயிருப்பாங்கள் எண்டு கேட்காத. வேலி ஏறிக் குதிக்க எவ்வளவு நேரம்?

முதலாம் உலக யுத்தம் முடிஞ்ச கையோட ஊர்ச் சனத்திட்டக் கேட்டாங்கள், உங்களுக்கு எந்தப் பக்கம் விருப்பம் எண்டு. 100க்கு 96 பேர் சுவிஸ் எண்டு சொன்னவை. உந்த ஒற்றுமை எங்கட ஊரில கோயில் திருவிழாவுக்குக் கூட வராது. ஆனா சும்மா காணி மாறுமோ? ஜெர்மனி ‘பதிலுக்கு என்ன தருவாய்’ எண்டு நிண்டுது. சுவிஸிட்டச் சரிசமானமாக் குடுக்கிறதுக்குக் காணி இல்லை, குடுக்க மனமும் இல்லை. பொம்பிளை ஓமெண்டா, மாப்பிள்ளை ஓமெண்டா, சீதனத்தில குழம்பிப் போச்சு. அவ்வளவுதான். அந்த 96 பேரும் அடுத்தநாள் எழும்பி வழமைபோல ஜெர்மனியில பல் விளக்கினவை.

ரெண்டாம் யுத்தத்தில இன்னும் விசேசம். ஊர்ப் பெடியளை ஹிட்லரின்ர பட்டாளத்தில சேர்த்தாச்சு. லீவில வீட்ட வாறதெண்டா டோர்ஃப்லிங்கனால, சுவிஸ் மண்ணால நடந்துதான் வரோணும். நடுநிலை நாட்டுக்குள்ளால ஜெர்மன் பட்டாளத்தான் உடுப்போட நடக்கலாமோ? எல்லையில கைலிங்கன் எண்ட இடத்துக் காவலரணில துவக்கை வச்சிட்டு வரோணும். உடுப்பை மறைக்கிறதுக்கு மேல போட நீட்டுக் கோட்டும் குடுத்து விட்டவங்கள். அதைப் போட்டுக்கொண்டு டோர்ஃப்லிங்கனைக் கடந்து வந்து தாயின்ர சோத்தைத் திண்டிட்டு, திரும்பிப் போகேக்கக் கோட்டைக் கழட்டி வச்சிட்டுத் துவக்கைத் தூக்கோணும். ஒரு கோட்டுக்குள்ள எத்தினை பேர் மாறி மாறி ஏறியிருப்பாங்களோ. நானும் ஒருகாலத்தில காவலரண் கடந்து வீட்ட போய்ச் சாப்பிட்டவன்தான் மருமோனே. எங்களுக்கு ஒருத்தனும் கோட்டுத் தரேல்லை. அந்தக் கதை இப்ப வேண்டாம்.

கடைசியில 1964 கார்த்திகையில ஒரு ஒப்பந்தம் எழுதி, 1967 ஐப்பசியில நடைமுறைக்கு வந்தது. அந்தப் பக்கத்தில வெரெனாஹோவ் எண்டு இன்னுமொரு தூசி கிடந்தது, மூண்டு வீடும் 11 ஜெர்மன் சனமும். 43 ஹெக்டேர், எங்கட கணக்கில 1,700 பரப்பு. அதைச் சுவிஸுக்குக் குடுத்திட்டாங்கள். அந்த 11 பேரும் படுத்து எழும்ப நாடு மாறிற்று, கட்டில் மாறேல்லை. பியூசிங்கன் அப்பவும் தப்பீற்று, இல்லாட்டி மாட்டுப்பட்டுது, எப்பிடி வேண்டுமெண்டாலும் சொல்லு. ஆட்சி ஜெர்மனியிட்ட, சுங்கம் சுவிஸிட்ட எண்டு பிரிச்சாங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள இருக்குது, ஆனா ஒன்றியத்தின்ர சுங்க எல்லைக்கு வெளியில. கமக்காரன் சுவிஸ் சட்டம் பாத்து மாடு வளக்கோணும், வோட்டு மட்டும் ஜெர்மனிக்குப் போடோணும்.

உனக்குக் கொம்பியூட்டர் வேலை எல்லோ, இதைக் கேள். 1980இல ஜெர்மனி கோடைகாலத்துக்கு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் தள்ளி வச்சுது. சுவிஸ் அந்த வருசம் வைக்கேல்லை, அடுத்த வருசம்தான் வச்சது. பியூசிங்கன் என்ன செய்யும்? பள்ளிக்கூடம் ஜெர்மன் பள்ளிக்கூடம், பஸ்ஸும் வேலையும் சுவிஸ். கடைசியில ஊர் சுவிஸ் மணிக்கூட்டோட நிண்டுது. அந்த ஒரு கோடைக்கு ஜெர்மனிக்குள்ள ஜெர்மன் நேரம் ஓடாத ஊர் அது. உலகத்துக் கொம்பியூட்டரெல்லாம் நேரம் பாக்கிற பட்டியல் ஒண்டு இருக்காமே, அதில பேர்லினுக்கு ஒரு பேர், பியூசிங்கனுக்கெண்டு தனிப்பேர். 1,500 சனத்துக்குத் தனி நேரவலயம்! எங்கட ஊரிலயும் ரெண்டு நேரம் ஓடினதுதான், கொம்மான்ர மணிக்கூடும் கோயில் மணியும். அதை ஒரு பட்டியலிலயும் ஏத்தேல்லை.

மற்ற வேடிக்கையளும் சொல்லிவிடுறன், பேந்து மாமா சொல்லேல்லை எண்டு நிக்காத. தபால் இலக்கம் ரெண்டு: ஜெர்மன் கணக்கில 78266, சுவிஸ் கணக்கில 8238. தொலைபேசிக்கும் ரெண்டு நாட்டு இலக்கம். முந்தி ரெண்டு நாட்டுத் தொலைபேசிக் கூண்டும் பக்கத்தில பக்கத்தில நிண்டுது, கதைக்காத அண்ணன் தம்பி மாதிரி. சட்டப்படி காசு யூரோ, கையில புழங்குறது ஃபிராங். ஊர்ப் பந்தடிக் கழகம் சுவிஸ் லீக்கில விளையாடுது. ஜெர்மனியில அப்பிடி விளையாடுற கழகம் அது ஒண்டுதான். வெண்டாலும் சுவிஸ் கணக்கு, தோத்தாலும் சுவிஸ் கணக்கு. காருக்கு இலக்கத்தகட்டில ‘பியூஸ்’ எண்டு மூண்டு எழுத்து வரும். ஜெர்மனியிலயே ஆக அருமையா ஓடுற தகடு அது. நீ அந்தத் தகட்டோட தமிழ்க் கடைக்கு முன்னால நிப்பாட்டினா, ‘பியூஸ் போன கார் ஆற்றை?’ எண்டுதான் கேட்பாங்கள். ஆயுசுக்கும் அந்தப் பட்டம் கழராது.

பொலிசுக்கும் கணக்கு எழுதி வச்சிருக்கிறாங்கள். ஜெர்மன் பொலிஸ் 100 சனத்துக்கு 3 பேருக்கு மேல நிக்கக்கூடாது. சுவிஸ் பொலிஸ் ஒரு நேரத்தில 10 பேருக்கு மேல வரக்கூடாது. ஜெர்மன் பொலிஸ் வாறதெண்டாலும் குறிச்ச றோட்டால மட்டும்தான் வரலாம், வழியில சுவிஸ் மண்ணில ஒரு அலுவலும் பாக்கக்கூடாது. வழியில கள்ளன் கைகாட்டிக்கொண்டு நிண்டாலும் வணக்கம் சொல்லிப்போட்டு வரோணும். சுவிஸ் பொலிஸ் அப்பிடியில்லை, உள்ள வந்து ஆளைப் பிடிச்சுக்கொண்டு போகலாம். எபர்ஹார்ட் இம் தூர்ன் இப்ப இருந்திருந்தா, அவன்ர சொந்தக்காரர் மினக்கெட்டிருக்க வேண்டாம்.

குறை மட்டும் சொல்லுறன் எண்டு நினைக்காத. ஊர் நல்லாத்தான் வச்சிருக்கிறாங்கள். 2013இல இருந்து ஆயிரம் சதுர மீற்றருக்கு மேல வெயில் பிடிக்கிற தகடு விரிச்சு, அதோட விறகுச் சிம்பையும் எரிச்சு, வீடு வீடாக் குழாயில சுடுதண்ணி விடுறாங்கள். கோடையில ஷாஃப்ஹவுசனில இருந்து கப்பல் வந்து நிக்கும். ஏறி இருந்தா அப்பிடியே ஸ்டைன் ஆம் ரைன் தாண்டி ஏரிக்குப் போகலாம். வால்ட்ஹைம் எண்டு ஒரு சாப்பாட்டுக்கடை இருக்கு, எல்லைக்கோடு அந்த முற்றத்துக்குள்ளாலதான் போகுது. தட்டு ஒரு நாட்டில, கரண்டி மற்ற நாட்டில. ஒருக்கா உன்ர கொம்மாவையும் கொப்பரையும் கூட்டிக்கொண்டு போய் அங்க இருத்தவேணும் எண்டு எனக்கொரு ஆசை. கொம்மா என்ர பக்கம், கொப்பர் கோட்டுக்கு அங்கால. எதிர்க்கரைப் பக்கம் ஒரு பழைய கன்னியர் மடம் கிடக்குது, அந்த இடத்துக்குப் பேர் ‘பரடீஸ்’, சொர்க்கம். அதுவும் பார் மருமோனே, சொர்க்கத்தைக் கூட ஆத்துக்கு அங்கால சுவிஸ் பக்கம்தான் வச்சிருக்கிறாங்கள். பியூசிங்கன்காரன் பாக்கலாம்.

என்ன, கடதாசியை மடிக்கிறாய்? மாமா சொன்னதுக்காகக் கிழிச்சுப்போடாத. யோசி. பென்சன் எடுத்த பிறகு நான் போறன், நீ வந்து பார். போக முதல் இன்னுமொரு அலுவல், கொம்மா சொல்லாம விட்டிருப்பா.

ஊர்க் காணியைப் பற்றித்தான். கொம்மாவின்ர சீதனக் காணியும் என்ர பங்கும் பக்கத்தில பக்கத்தில எண்டு உனக்குத் தெரியும். நடுவில ஒரு வேலி. 1979இல கொப்பர் வேலி அடைக்கேக்க மூலைப் பூவரசில இருந்து கிணத்தடி மட்டும் ஒரு முழம் என்ர பக்கம் தள்ளி அடைச்சவர். நான் கேட்டனான். அவர், கதியால் தழைச்சுப் பருத்ததால அப்பிடித் தெரியுது எண்டவர். தழைச்சதாம்! பிறகு பிரச்சினை வந்தது, நாங்கள் ஊரை விட்டு வந்தம், வேலியும் இல்லாமப் போச்சு, வீடும் இல்லாமப் போச்சு. போன வருசம் ஆள் விட்டு அளந்து கல்லுப் போட்டனான். கதியால் இல்லை, கல்லு. அந்த முழத்தையும் சேர்த்துத்தான் போட்டது.

எனக்குப் பிள்ளையள் இல்லை. என்ர பங்கு எட்டுப் பரப்பையும் உனக்குத்தான் எழுதப்போறன், நொத்தாரிசோட கதைச்சாச்சு. தென்னை, கிணறு, முன்பக்கத்து மாமரம், எல்லாம் உனக்கு.

அந்த ஒரு முழத்தை மட்டும் எழுதமாட்டன். அது என்ர பேரில கிடக்கும். கொப்பர் ஊருக்குப் போய்ப் படலையைத் திறந்தா முதல் தெரியிறது அதுவா இருக்கட்டும். தேத்தண்ணி இன்னுமொண்டு போடவோ?